கராத்தேயா, பாக்ஸிங்கா, ஜூஜித்ஸூவா? நிஜமாகவே ஆபத்து வந்தால் எந்தத் தற்காப்புக் கலை கைகொடுக்கும்?

ஆபீஸ் முடிந்து இரவு பதினொரு மணிக்கு கேப் புக் செய்யும் யாருக்கும் ஒரு தடவையாவது இந்த யோசனை வந்திருக்கும்: 'ஏதாவது ஒரு தற்காப்புக் கலை கத்துக்கணும்.' அடுத்த நிமிடமே அல்காரிதம் மோப்பம் பிடித்துவிடும். மணிக்கட்டைப் பிடித்தால் இப்படித் திருப்பு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் இப்படிக் குனி, கத்தியை நீட்டினால் இப்படித் தட்டு என்று வரிசையாக ரீல்ஸ் வரும். எல்லா வீடியோவிலும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. தாக்க வருபவர் கையை நீட்டிவிட்டு, அடுத்து நடப்பதற்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பார்.

நிஜத்தில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. அதனால் 'எந்த ஸ்டைல் பெஸ்ட்?' என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து உண்மையில் எப்படிப்பட்டது? நீங்கள் சேரப்போகும் வகுப்பு அந்த ஆபத்துக்குத்தான் பயிற்சி தருகிறதா? டேட்டாவில் இருந்தே தொடங்குவோம்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

தற்காப்பு என்றதும் நம் மனதில் வரும் படம் ஏறக்குறைய ஒன்றுதான்: இருட்டான தெரு, முகம் தெரியாத ஆள். தேசிய குற்ற ஆவணக் காப்பகமான என்சிஆர்பியின் எண்கள் வேறு படத்தைக் காட்டுகின்றன.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 4,45,256 வழக்குகள். இதில் மிகப் பெரிய பிரிவு, கணவர் அல்லது அவரது உறவினர்கள் செய்த கொடுமை. ஐபிசி பிரிவுகளில் பதிவான வழக்குகளில் அது 31.4 சதவீதம். அதே ஆண்டில் பதிவான 31,516 பாலியல் வன்புணர்வு வழக்குகளில், 100க்கு 96க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், நண்பர், அக்கம்பக்கத்தவர், வேலை கொடுத்தவர், காதலித்தவர்.

இந்த எண்ணைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும். இவை போலீசில் பதிவானவை மட்டும். திருமணம் செய்வதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றியதாகச் சொல்லப்படும் வழக்குகளும் இதற்குள் இருக்கின்றன. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), 18 முதல் 49 வயதுப் பெண்களில் 30 சதவீதம் பேர், தங்கள் 15 வயதுக்குப் பிறகு உடல்ரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். திருமணமானவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அடித்தவர் கணவர். உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே.

ஆண்களுக்கு? 2022இல் பதிவான 28,522 கொலை வழக்குகளில் முதலிடத்தில் இருந்த காரணம் தகராறு: 9,962 வழக்குகள். அடுத்தது தனிப்பட்ட பகை: 3,761. பணம், நகை போன்ற ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. அதாவது, வழிப்பறிக்காரன் கையால் சாவதைவிட வாய்ச்சண்டை முற்றிச் சாவதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம். பார்க்கிங், பாக்கிப் பணம், வாய்க்கால் வரப்பு, குடிபோதையில் சொன்ன ஒரு வார்த்தை என்று எதுவும் அந்தத் தகராறாக இருக்கலாம்.

ஆக, இரண்டு வகை ஆபத்துகள் கண்முன் நிற்கின்றன. ஒன்று, தெரிந்தவர் நெருக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வது. இன்னொன்று, தவிர்த்திருக்கக்கூடிய சண்டை கைமீறிப் போவது. முகம் தெரியாதவரின் திடீர்த் தாக்குதலும் நடக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான வகுப்புகள் அந்த மூன்றாவதற்கு மட்டும்தான் தயார்படுத்துகின்றன.

ஸ்டைலை விட முக்கியமான ஒன்று

1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் பழைய ஜூஜித்ஸூ கலையில் ஒரு மாற்றம் செய்தார். எலும்பை முறிக்கக்கூடிய, கண்ணைக் குத்தக்கூடிய ஆபத்தான உத்திகளைப் பயிற்சிச் சண்டையில் இருந்து விலக்கிவிட்டு, மிச்சமிருந்தவற்றை முழு வேகத்தில், முழு பலத்தில், எதிர்த்துத் திமிறும் ஆளின் மேல் பழக வைத்தார். அதற்குப் பெயர் ராண்டோரி. அவர் உருவாக்கிய கலைதான் ஜூடோ.

கொடிய உத்திகளை எடுத்துவிட்டால் கலை பலவீனமாகிவிடும் என்றுதான் தோன்றும். நடந்தது தலைகீழ். கண்ணில் குத்துவதை யாரும் நிஜமாகப் பழக முடியாது. காற்றில்தான் குத்த வேண்டும். ஆனால் ஒருவரைத் தூக்கிப் போடுவதைத் தினமும் இருபது தடவை நிஜமாகவே செய்து பார்க்கலாம். நெருக்கடியில் கை கால் எதைச் செய்யும் என்றால், நிஜமாகப் பழகியதைத்தான். அந்த நேரத்தில் இதயம் படபடக்கும், பார்வை குறுகும், விரல்களின் நுணுக்கமான அசைவு தடுமாறும். ஏழு படிகள் கொண்ட மணிக்கட்டுப் பூட்டு அப்போது நினைவுக்கு வராது.

இதைத்தான் இந்தக் கட்டுரையின் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பயிற்சியில் எதிராளி உங்களோடு ஒத்துழைக்கிறாரா, உங்களை எதிர்க்கிறாரா? ஒத்துழைக்கும் ஆளோடு பத்து வருடம் பழகியவரைவிட, எதிர்க்கும் ஆளோடு ஒரு வருடம் பழகியவருக்குச் சண்டை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் முதல் யூஎஃப்சி போட்டி நடந்தது. வெவ்வேறு கலைகளைச் சேர்ந்த எட்டுப் பேர், மிகக் குறைந்த விதிகள். எடைப் பிரிவுகூடக் கிடையாது. பார்க்க ஒல்லியாக இருந்த ராய்ஸ் கிரேஸி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். அவருடைய பிரேசிலியன் ஜூஜித்ஸூவில் தினசரிப் பயிற்சியே எதிர்க்கும் ஆளோடு உருளுவதுதான். ஒன்று கவனியுங்கள்: அந்தப் போட்டி ஒருவருக்கு ஒருவர், ஆயுதம் இல்லை, கீழே மெத்தை விரிப்பு. ரோட்டில் இந்த மூன்றுக்கும் உத்தரவாதம் கிடையாது.

கலை வாரியாக: எதில் என்ன கிடைக்கும்?

*பாக்ஸிங், மொய் தாய்:* அடி வாங்கினாலும் உறைந்து நிற்காமல் இருப்பது, தூரத்தைக் கணிப்பது, நகர்ந்துகொண்டே இருப்பது. இந்த மூன்றும் இவற்றில் சீக்கிரம் வரும். முகத்தை நோக்கி ஒரு கை வருவதை முதல் தடவை நடுத்தெருவில் பார்ப்பதைவிட ஜிம்மில் பார்ப்பது நல்லது இல்லையா? மொய் தாயில் முழங்கை, முழங்கால், கழுத்தைப் பிடித்து நெருங்கிச் சண்டையிடும் கிளிஞ்ச் ஆகியவை கூடுதல். குறை: பிடித்துத் தள்ளிக் கீழே சாய்த்தால் பாக்ஸருக்குப் பதில் இல்லை. கையுறை இல்லாமல் தலையில் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்தியவரின் சுண்டுவிரல் பக்க எலும்புதான். அந்த முறிவுக்கு மருத்துவத்தில் பெயரே 'பாக்ஸர் முறிவு'.

*மல்யுத்தம், ஜூடோ:* யார் நிற்பது, யார் விழுவது என்பதை முடிவு செய்யும் கலைகள். ஹரியாணா அகாடாக்களிலும் கோலாப்பூர் தாலீம்களிலும் வளர்ந்த மல்யுத்த வீரரை நகர்த்துவதே கஷ்டம். ஜூடோவில் முதலில் சொல்லிக்கொடுப்பது அடிபடாமல் விழுவது. யோசித்துப் பார்த்தால், வாழ்நாளில் சண்டை போடாதவர்கூட பைக்கில் இருந்தோ பாத்ரூமிலோ ஒரு தடவையாவது விழுவார். குறை: உடலுக்குக் கடினமானவை. முப்பது வயதில் புதிதாகத் தொடங்கினால் முழங்காலும் தோளும் கணக்குக் கேட்கும்.

*பிரேசிலியன் ஜூஜித்ஸூ:* மேலே ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்போது கீழே இருப்பவர் என்ன செய்வது என்ற கேள்வியை மையமாக வைத்த கலை. பாலியல் தாக்குதலை மனதில் வைத்துப் பார்த்தால் இது மிக முக்கியமான பாடம். உடல் பருமன் குறைந்தவர் பதறாமல் மூச்சை நிதானப்படுத்தி, இடம் உருவாக்கி, வெளியே வர இதில் வழி இருக்கிறது. குறை: பெங்களூரு, மும்பை, டெல்லி, சென்னை போன்ற நகரங்களைத் தாண்டினால் நல்ல அகாடமி கிடைப்பது கடினம். விளையாட்டாக மட்டும் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் அடிப்பதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். தார் ரோட்டில், எதிரில் நான்கு பேர் இருக்கும்போது தானாகப் போய்த் தரையில் படுப்பது தற்கொலைக்குச் சமம்.

*கராத்தே, டேக்வாண்டோ:* இந்தியாவின் எந்த ஊரிலும் கிடைப்பவை. ஆனால் 'கராத்தே' என்ற ஒரே போர்டுக்குள் பல உலகங்கள் உண்டு. ஒகினாவாவில் பிறந்து, 1922இல் கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோவில் அறிமுகப்படுத்திய கலை, பிறகு பல பள்ளிகளாகப் பிரிந்தது. கியோகுஷினில் உடலில் முழு பலத்துடன் அடித்துக்கொள்வார்கள், ஆனால் கையால் முகத்தில் குத்த அனுமதி இல்லை. பல வகுப்புகளில் கட்டா எனப்படும் தனிப்பயிற்சியும் புள்ளிக்காகத் தொட்டுவிட்டு விலகும் சண்டையும்தான் இருக்கும். டேக்வாண்டோவின் ஒலிம்பிக் விதிகளிலும் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் முகத்தைக் காக்கும் பழக்கமே பலருக்கு வருவதில்லை. கால் பலமும் வேகமும் மெய்தான், சந்தேகமில்லை. பெல்ட்டின் நிறத்தைப் பார்க்காமல், அந்த வகுப்பில் சண்டைப் பயிற்சி நடக்கிறதா என்று பாருங்கள்.

*க்ராவ் மகா:* 1930களில் பிராட்டிஸ்லாவா தெருக்களில் யூதர்கள் மீதான தாக்குதலைப் பார்த்த இமி லிக்டென்ஃபெல்ட் யோசிக்கத் தொடங்கி, பிறகு இஸ்ரேல் ராணுவத்தில் வடிவம் பெற்றது. லிஃப்டுக்குள், காருக்குள், படிக்கட்டில் என்று சூழலை வைத்துப் பழகுவது, அடித்துவிட்டு ஓடுவதை நோக்கமாக வைப்பது ஆகியவை சரியான சிந்தனை. சிக்கல் தரத்தில்தான். போட்டி கிடையாது என்பதால் யார் நல்ல ஆசிரியர் என்று வெளியில் தெரிய வழியில்லை. இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் கத்தியைப் பறிக்கக் கற்றுத் தருவதாக விளம்பரம் வந்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள்.

*அய்கிடோ:* அழகான கலை. விழுவதும் நிலைகுலையாமல் இருப்பதும் நன்றாக வரும். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் போட்டி கிடையாது, எதிராளி ஒத்துழைப்பார். நமது அளவுகோலின்படி பின்தங்குகிறது.

*களரிப்பயட்டு, சிலம்பம், கட்கா, தாங்-டா:* இவற்றைப் பற்றிப் பேசும்போது பெருமையும் உண்மையும் மோதிக்கொள்ளும். களரியில் முதலில் மெய்த்தாரி என்ற உடற்பயிற்சி, பிறகு கோல்தாரி, அங்கத்தாரி, கடைசியில்தான் வெறுங்கை. அதாவது இன்று நமக்குத் தேவைப்படும் ஆயுதமில்லாத பகுதி, பல வருடங்களுக்குப் பிறகே வரும். சிலம்பம் கால் வைப்பதையும் தூரத்தையும் பல பேரை ஒரே நேரத்தில் கவனிப்பதையும் சொல்லித்தரும். இதில் பல நவீன கலைகளைவிட அது மேல். ஆனால் மெட்ரோவில் கம்போடு ஏற முடியாது. வடகரையின் மீனாட்சி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் களரி கற்பித்து 2017இல் பத்மஸ்ரீ பெற்றவர். உடலை ஆயுள் முழுக்கத் தயாராக வைத்திருக்க இந்தக் கலைகளுக்கு இணை குறைவு. ஆறு மாதத்தில் தற்காப்பு வேண்டும் என்பவருக்கு இவை பொருந்தாது.

கணக்காகச் சொன்னால்: வாரத்துக்கு இரண்டு வகுப்பு, தலா ஒரு மணி நேரம் என்றால் ஒரு வருடத்தில் சுமார் 100 மணி நேரம். அந்த 100 மணி நேரத்தில் எதிர்ப்போடு பழகிய நேரம் எவ்வளவு? ஒரு ஜூடோ, பாக்ஸிங், ஜூஜித்ஸூ வகுப்பில் அது 30 மணி நேரம்கூட இருக்கலாம். காற்றில் குத்தும் வகுப்பில் அது பூஜ்யம்.

எடை பொய் சொல்லாது

'டெக்னிக் இருந்தா பலம் தேவையில்லை' என்பது எல்லா வகுப்பிலும் கேட்கும் வசனம். அப்படியென்றால் பாக்ஸிங், ஜூடோ, மல்யுத்தம் எல்லாவற்றிலும் எடைப் பிரிவு ஏன் இருக்கிறது? உலகின் மிகச் சிறந்த டெக்னிக் கொண்டவர்களையே எடை வாரியாகப் பிரித்துத்தான் மோத விடுகிறார்கள்.

2007இல் ஜெர்மனியில் வெளியான ஒரு ஆய்வு 1,654 ஆண்கள், 533 பெண்களின் கைப்பிடி வலிமையை அளந்தது. கூடவே ஜூடோ, ஹேண்ட்பால் விளையாட்டுகளில் உயர்மட்டத்தில் இருந்த 60 பெண்களையும் அளந்தது. பெண்களில் 90 சதவீதம் பேரின் பிடி, ஆண்களில் 95 சதவீதம் பேரின் பிடியைவிடக் குறைவாக இருந்தது. அந்த உயர்மட்ட வீராங்கனைகளின் பிடிகூட, பயிற்சியே இல்லாத சராசரி ஆணின் அளவை அரிதாகவே தாண்டியது.

இதைச் சொல்வது யாரையும் சோர்வடையச் செய்ய இல்லை. மணிக்கட்டைப் பிடித்தவரோடு பலப்பரீட்சை நடத்துவது வீண் என்பதைச் சொல்லத்தான். கத்துவது, ஒரே ஒரு அடி கொடுத்துப் பிடியைத் தளர்த்துவது, ஓடுவது என்ற வரிசைக்குப் பயிற்சி எடுக்க வேண்டும். வெல்வது வேறு, தப்பிப்பது வேறு. தற்காப்பில் இரண்டாவதுதான் பாஸ் மார்க்.

எந்தக் கலையாலும் முடியாதவை

கத்தி. 1983இல் அமெரிக்க போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு சோதனை செய்தார். 21 அடி தூரத்தில், அதாவது ஆறு மீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தில் நிற்கும் ஒருவர், கத்தியோடு ஓடி வந்து தொட எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் ஒன்றரை விநாடி. இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே அது போதாத நேரம். வெறுங்கையோடு நிற்கும் நமக்கு? செயினோ, போனோ, பர்ஸோ கேட்டால் கொடுத்துவிடுங்கள். பறிப்புக் குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 304 என்று தனிப் பிரிவே இருக்கிறது. போன இஎம்ஐயை மறுபடி கட்டலாம்.

கும்பல். ஒருவரோடு கட்டிப்புரளும்போது இரண்டாமவர் உங்கள் தலையை உதைப்பார். எந்தக் கலைக்கும் இதில் நல்ல பதில் கிடையாது.

தரை. குத்து வாங்கி மயங்குபவர் அந்தக் குத்தால் சாவது குறைவு. பின்தலை சிமெண்டில் மோதுவதால் சாவது அதிகம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'ஒரே குத்து' மரணங்களுக்கு எதிராக 2014இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். போதையில் அடித்து ஆள் இறந்தால் குறைந்தபட்சம் 8 ஆண்டுகள் சிறை. கீழே விழப்போவது நீங்களாகவும் இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். இரண்டிலும் உங்கள் வாழ்க்கை மாறிவிடும். டிராஃபிக்கில் உரசியதற்காகக் கதவைத் திறந்து இறங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 'சாரி பாஸ்' என்று சொல்லிவிட்டு நகர்வதும் தற்காப்புதான்.

12 மணி நேரம் செய்த வேலை

சரி, எதுவுமே உதவாதா? உதவும். அதற்கு வலுவான ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அது எந்த ஸ்டைலின் பெயரிலும் இல்லை.

கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு படித்த 893 மாணவிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தகவல் துண்டறிக்கைகள் மட்டும். இன்னொரு குழுவுக்கு மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள், மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். துண்டறிக்கை பெற்ற குழுவில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 9.8 சதவீதம். பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம். முயற்சி நடந்தும் தப்பியவை முறையே 9.3 சதவீதமும் 3.4 சதவீதமும். 22 பேருக்குப் பயிற்சி கொடுத்தால், அடுத்த ஒரு வருடத்தில் ஒரு வன்புணர்வு குறைகிறது என்று பொருள். உளவியல் ஆய்வாளர் சார்லீன் சென் தலைமையிலான இந்த ஆய்வு 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது.

இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். பயிற்சி வெறும் 'அடித்து விரட்டும்' திறனை மட்டும் கூட்டியிருந்தால், முயற்சிகள் அப்படியே இருந்து, அவை தோற்றுப் போவது மட்டும் அதிகரித்திருக்கும். இங்கே முயற்சிகளே குறைந்துவிட்டன. நிலைமை அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே வெட்டப்பட்டிருக்கிறது.

எப்படி? அடி, உதை என்ற பகுதி நான்கு அமர்வுகளில் ஒன்றில்தான் இருந்தது. மற்றவை இவற்றைப் பற்றியவை: தெரிந்தவரிடம் இருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை எப்படி அடையாளம் காண்பது, 'ச்சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்று நம் மனமே சொல்லும் சமாதானத்தை எப்படித் தாண்டுவது, உறவு கெட்டுப்போகுமோ என்ற தயக்கத்தோடு எப்படி 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்வது, தனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்வது. மேலே பார்த்த 96 சதவீதத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் வகுப்புகள் விட்டுவிட்ட பாடம் இதுதான்.

இது கனடாவின் வளாகங்களில் கிடைத்த முடிவு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ குருகிராம் கால் சென்டருக்கோ அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வாளர்களே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: குற்றத்துக்குப் பொறுப்பு குற்றம் செய்தவருக்கு மட்டும்தான். பயிற்சி எடுக்காதது யாருடைய தப்பும் இல்லை.

இந்தியாவில் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. ராணி லட்சுமிபாய் பெயரிலான திட்டம் அது. நல்ல தொடக்கம். ஆனால் அது கராத்தே வரிசையாக நின்று முடிந்துவிட்டால், பக்கத்து வீட்டு அங்கிளிடம் 'தொடாதீங்க' என்று சொல்லும் தைரியம் அந்தப் பாடத்தில் எங்கே வரும்?

மல்யுத்த வீராங்கனைகள் கற்றுக்கொடுத்தது

தற்காப்புக் கலையின் எல்லை எது என்பதை 2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் நாடே பார்த்தது. ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகட் உள்ளிட்ட உலகத் தரம் வாய்ந்த மல்யுத்த வீராங்கனைகள் நடைபாதையில் அமர்ந்தார்கள். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் வீராங்கனைகளுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்துவருகிறார். 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் அவர்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது.

வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. நமக்கான கேள்வி வேறு. இரண்டு விநாடியில் யாரையும் மண்ணில் சாய்க்கக்கூடியவர்கள் ஏன் தெருவில் உட்கார வேண்டி வந்தது? எதிரே இருப்பவரின் கையில் உங்கள் தேர்வும், வெளிநாட்டுப் பயணமும், வாழ்க்கையும் இருந்தால், டபுள் லெக் டேக்டவுன் உதவாது. அங்கே தேவைப்படுவது புகார் செய்ய ஒரு இடமும், புகார் செய்தவரைக் காப்பாற்றும் அமைப்பும்.

ஆபீஸுக்கும் இதே கதைதான். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் 2013ஆம் ஆண்டு போஷ் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் கிடைக்கும். உங்கள் ஆபீஸில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? ஜூடோவில் ஒரு பிடியைக் கற்றுக்கொள்வதைவிட இதைத் தெரிந்துகொள்ள ஆகும் நேரம் குறைவு.

திருப்பி அடித்தால் சட்டம் என்ன சொல்லும்?

2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் பதில் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. பழைய ஐபிசியின் 96 முதல் 106 வரை இருந்தவைதான். சுருக்கமாக:

• உங்கள் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலைக் காக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

• தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகமான தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது.

• ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் நீடிக்கும்வரைதான் அது நீடிக்கும். அடித்தவன் ஓடிய பிறகு துரத்திப் பிடித்து நான்கு உதை கொடுத்தால், அது தற்காப்பு இல்லை.

• உயிருக்கு அல்லது கொடுங்காயத்துக்கு அஞ்சும் சூழல், பாலியல் வன்புணர்வு, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற குறிப்பிட்ட தாக்குதல்களில், தாக்கியவர் உயிரிழந்தாலும் சட்டம் பாதுகாப்புத் தரும் (பிரிவு 38).

ஆபத்தில் இருப்பவர் தராசு வைத்து அளந்து திருப்பி அடிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் (2010) வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் உடனடி ஆபத்து இருந்ததா என்பதை நீதிமன்றம் கட்டாயம் பார்க்கும். 2024இல் ஒரு தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள், தற்காப்புக்காகச் செய்தோம், வழக்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்டபோது கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான். பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. எதிர்க்கும் ஆளோடு பயிற்சி ஒவ்வொரு வாரமும் நடக்கிறதா? பாதுகாப்புக் கவசமும் மேற்பார்வையும் இருக்கிறதா?

2. ஆசிரியர் 'ஓடு' என்று சொல்லிக்கொடுக்கிறாரா? தப்பித்தலைப் பாடமாக வைக்காத தற்காப்பு வகுப்பு முழுமையானது இல்லை.

3. கத்தியைப் பறிப்பதை எளிது என்று காட்டுகிறாரா? அப்படியென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. குரல் கொடுப்பது, எல்லை வகுப்பது, தெரிந்தவரிடம் மறுப்பது பற்றிப் பேசுகிறார்களா?

5. பெண்கள் தொடர்ந்து வருகிறார்களா, அல்லது இரண்டு மாதத்தில் காணாமல் போகிறார்களா? தொடுவதற்கு முன் அனுமதி கேட்கும் பழக்கம் இருக்கிறதா? தற்காப்பு சொல்லித்தரும் இடமே பாதுகாப்பாக இல்லை என்றால் அர்த்தமே இல்லை.

6. உங்கள் வீட்டில் இருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கிறதா? போகாத வகுப்பில் எந்தக் கலையும் வராது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரே வரியில் பதில் வேண்டும் என்பவர்களுக்கு: பக்கத்தில் நல்ல ஜூடோ, ஜூஜித்ஸூ, பாக்ஸிங் அல்லது மொய் தாய் வகுப்பு எது இருந்தாலும் அதில் ஒரு வருடம் இருங்கள். ஊரில் கராத்தே மட்டும்தான் என்றால், உடலில் பட அடித்துப் பழகும் வகுப்பாகத் தேடுங்கள். அவசர உதவிக்கான 112, பெண்களுக்கான 181 ஆகிய எண்களைப் போனில் பதிந்துவையுங்கள்.

அந்த ஒரு வருடத்தில் உங்களைத் தெருவில் யாரும் தாக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்த 100 மணி நேரம் வீணா? இல்லை. அடி வாங்கியும் மூச்சை இழுத்து நிதானமாக நின்று பழகியவருக்குக் குரல் எளிதில் நடுங்குவதில்லை. அந்தக் குரல் தேவைப்படப்போவது பெரும்பாலும் இருட்டுத் தெருவில் அல்ல. ஒரு மீட்டிங் ரூமில், ஒரு கல்யாண வீட்டில், ஒருவேளை உங்கள் வீட்டு ஹாலிலேயே.